கட்டிலருகே அமர்ந்திருக்கும் மகளுக்கும் சில சொற்கள்: மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உடற்பயிற்சி

எலும்பு முறிவுச் சிகிச்சைப் பிரிவின் பெண்கள் வார்டில் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. கட்டிலில் எழுபது வயதைக் கடந்த தாய் படுத்திருப்பார். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு மூட்டருகே எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்திருக்கும். கட்டிலருகே முக்காலியில் அவருடைய மகள் அமர்ந்திருப்பார். அவருக்கு வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். இரவெல்லாம் விழித்த களைப்பு முகத்தில் தெரியும். மருத்துவர் வந்தவுடன் எழுந்து நின்று, அம்மாவின் எலும்பு எப்போது கூடும், எப்போது நடப்பார், என்ன உணவு தரலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். தம்முடைய எலும்பைப் பற்றி மட்டும் அவர் எதுவும் கேட்பதில்லை.

இக்கட்டுரை தாய்க்கும் மகளுக்கும் பொதுவானது. ஆயினும் மகளை முன்னிறுத்தியே எழுதுகிறோம். தாயின் எலும்பு அவர் விழுந்த அன்று திடீரென வலுவிழந்துவிடவில்லை. அது இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், அவருடைய மாதவிடாய் நின்ற காலத்தை ஒட்டி வேகமாகக் குறையத் தொடங்கியது. அப்போது வலி எதுவும் இல்லாததால் ஒருவரும் அதை அறியவில்லை. மகள் இன்று அதே வயதில் இருக்கிறார். அவருக்கு இன்னும் காலம் இருக்கிறது.

மாதவிடாய் நிற்கும் பருவம் எது?

தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால், மாதவிடாய் முற்றிலும் நின்றுவிட்டது என்று மருத்துவம் கொள்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு இது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிகழ்கிறது. இந்தியப் பெண்களுக்கு மேலைநாட்டுப் பெண்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே நின்றுவிடுவதைக் காண்கிறோம். நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளிலேயே சுழற்சி ஒழுங்கு தவறுதல், உறக்கக் குறைவு, எரிச்சல், மூட்டுகளில் வலி, முகத்திலும் மார்பிலும் திடீரெனப் பரவும் சூடு ஆகியவை தோன்றத் தொடங்கலாம்.

சிலருக்கு இப்பருவம் இயல்பான வயதுக்கு முன்னரே வந்துவிடும். கருப்பையோடு இரு சினைப்பைகளையும் அறுவை சிகிச்சையில் அகற்றியவர்களுக்கு மாதவிடாய் நிற்பது ஒரே நாளில் நிகழ்கிறது. புற்றுநோய்க்கான சில சிகிச்சைகளும் அதே விளைவைத் தருகின்றன. 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள், எக்காரணத்தால் நின்றிருந்தாலும், அதை மகளிர் நல மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அவர்களுடைய எலும்பும் இதயமும் மற்றவர்களைவிட நீண்ட காலம் ஈஸ்ட்ரோஜென் பாதுகாப்பின்றி இருக்க நேரும். ஆகவே அவர்களுக்குத் தனிக் கவனம் தேவை.

எலும்பிலும் தசையிலும் நடப்பது என்ன?

எலும்பு வெளியிலிருந்து பார்க்கக் கல்போலத் தோன்றினாலும், உள்ளே ஓயாமல் வேலை நடக்கும் உயிருள்ள திசு அது. பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் ஒருபுறமும், புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் மறுபுறமும் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. கரைக்கும் உயிரணுக்கள் வரம்பு மீறாதபடி கட்டுப்படுத்துவது ஈஸ்ட்ரோஜென் என்னும் இயக்குநீரின் பணிகளுள் ஒன்று. அந்த இயக்குநீர் குறையும்போது கரைவது மிகுந்து, கட்டுவது பின்தங்கிவிடுகிறது. மாதவிடாய் நின்றதை அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில், சில பெண்கள் தம் எலும்பின் அடர்த்தியில் 20 விழுக்காடு வரை இழக்கக்கூடும்.

இழப்பு எலும்போடு நின்றுவிடுவதில்லை. நடுவயதில் தசையின் அளவும் வலிமையும் குறையத் தொடங்குகின்றன. அடிவயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. இரத்தக் கொழுப்பும் இரத்த அழுத்தமும் உயர வாய்ப்பு ஏற்படுகிறது. அதுவரை ஆண்களைவிடக் குறைவாக இருந்த இதயநோய் அபாயம், பெண்களுக்கும் இப்பருவத்துக்குப் பின் ஏறுகிறது.

முதியவர்களின் எலும்பு முறிவைப் பற்றி நினைக்கும்போது எலும்பை மட்டும் எண்ணுவது போதாது. கால் வழுக்கும் நொடியில் உடலை நிலைநிறுத்துவது தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும்தான். தசை வலுவாக இருந்தால் பலமுறை விழாமலேயே தப்பிவிடலாம். ஒருவேளை விழுந்தாலும், எலும்பு வலுவாக இருந்தால் முறியாமல் தப்பலாம். உடற்பயிற்சி இவ்விரண்டுக்கும் துணைசெய்கிறது.

‘வீட்டு வேலையே போதாதா?’

புறநோயாளிகள் பிரிவில் “உடற்பயிற்சி செய்கிறீர்களா?” என்று நாங்கள் கேட்கும்போது, பெரும்பாலான பெண்களிடமிருந்து வரும் விடை ஒன்றே. “காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இரவு பத்து வரை நின்றபடியேதான் இருக்கிறேன் டாக்டர். இதற்குமேல் தனியாக உடற்பயிற்சி எதற்கு?”

இக்கேள்வியை நாங்கள் ஒருபோதும் அலட்சியமாகக் கொள்வதில்லை. வீடு பெருக்குவது, துடைப்பது, தண்ணீர்க் குடம் சுமப்பது, மாடிப்படி ஏறுவது ஆகிய யாவும் உடல் உழைப்பே. உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் வீட்டு வேலையை உடல் உழைப்பின் ஒரு வகையாகவே கணக்கில் கொள்கின்றன. ஆகவே நீங்கள் இதுவரை செய்தது எதுவும் வீணன்று.

ஆயினும் அதில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவதாக, எலும்பும் தசையும் பழகிவிட்ட சுமைக்கு மேலும் வலுப்பெறுவதில்லை. முப்பது ஆண்டுகளாக ஒரே குடத்தைத் தூக்கும் கைக்கு அக்குடம் புதிய தூண்டுதல் எதையும் தராது. சுமை சிறிது சிறிதாகக் கூடினால்தான் உடல் அதற்கேற்பத் தன்னை வலுப்படுத்திக்கொள்ளும். இரண்டாவதாக, அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் இருந்த சமையலறை இன்று பெரும்பாலான வீடுகளில் இல்லை. அவ்வேலைகளின் சுமையை இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. நன்மைதான். ஆனால் நின்றுகொண்டே இருக்கும் நேரம் மட்டும் குறையவில்லை. நெடுநேரம் நிற்பது கால்களைக் களைப்படையச் செய்யுமே தவிர, தசையை வலுப்படுத்தாது. களைப்பு வேறு, பயிற்சி வேறு.

வயலிலும் கட்டுமானப் பணியிலும் நாள் முழுவதும் உழைக்கும் பெண்களுக்கு நாங்கள் கூறுவது சற்று மாறுபடும். அவர்களுக்கு மேலும் அரைமணி நேர வேகநடை தேவையில்லை. முதுகைக் காக்கும் முறையில் சுமை தூக்குதல், உடல் சமநிலைப் பயிற்சி, போதிய ஓய்வு, நல்ல உணவு ஆகியவையே அவர்களுடைய முதல் தேவை.

நடை: எவ்வளவு, எப்படி?

வயதுவந்தோர் அனைவரும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்கள் தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாளொன்றுக்கு 30 நிமிடம் என்று வாரத்தில் ஐந்து நாட்கள் நடந்தால் 150 நிமிடம் நிறைவுறும். ஒரே மூச்சில் நடக்க இயலாதவர்கள் பத்து நிமிடமாக மூன்று முறை நடக்கலாம். பயன் குறையாது.

மிதமான வேகம் என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது உடன்வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு சற்று வேகமாக இருக்க வேண்டும். பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவே திணறினால் வேகம் மிகுதி.

நம் ஊர் வெயிலில் காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை வெயில் தாழ்ந்த பின்பும் நடப்பது நல்லது. தெருவில் நடக்க வசதியோ பாதுகாப்போ இல்லாதவர்கள் மொட்டை மாடியிலோ வீட்டுக்குள்ளேயோ நடக்கலாம். வழுக்கும் ரப்பர்ச் செருப்பைத் தவிர்த்து, பின்பட்டையுள்ள செருப்போ காலணியோ அணியுங்கள். புடவையின் கொசுவம் காலில் சிக்காதபடி சற்று உயர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். கையில் இரண்டு மிட்டாயோ சிறிது சர்க்கரையோ வைத்திருங்கள்.

நடை இதயத்துக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் மனத்துக்கும் மிக நல்லது. ஆனால் எலும்பையும் தசையையும் வலுப்படுத்த அது மட்டும் போதாது. இங்கேதான் பலருடைய முயற்சி பாதியில் நின்றுவிடுகிறது.

வலிமை தரும் ஆறு பயிற்சிகள்

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இங்கு நினைவுகூர்கிறோம். மாதவிடாய் நின்ற, எலும்பின் அடர்த்தி குறைந்த 101 பெண்கள் அதில் பங்கேற்றனர். அவர்களுடைய சராசரி வயது ஏறத்தாழ 65. ஒரு பிரிவினர் வாரத்தில் இரண்டு நாட்கள், நாளொன்றுக்கு அரைமணி நேரம், பயிற்றுநரின் நேரடிக் கண்காணிப்பில் கனமான எடைகளைத் தூக்கினர். மறு பிரிவினர் வீட்டில் எளிய பயிற்சிகளைச் செய்தனர். எட்டு மாதங்களுக்குப் பின், எடை தூக்கியவர்களின் கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 விழுக்காடு கூடியிருந்தது. மற்றவர்களுக்கு அது 1.2 விழுக்காடு குறைந்திருந்தது. அறுபத்தைந்து வயதிலும் எலும்பு சுமைக்கு மறுமொழி தருகிறது என்பதே இதன் செய்தி. இதைப் படித்துவிட்டு வீட்டில் அரிசி மூட்டையைத் தூக்க முயல வேண்டாம். அவ்வளவு கனமான பயிற்சி, தகுதி பெற்றவர் அருகில் நின்று கற்பிக்கும்போது மட்டுமே பாதுகாப்பானது.

வீட்டில் தொடங்குவதற்கு எங்கள் இயன்முறை மருத்துவர்கள் கற்றுத்தரும் ஆறு பயிற்சிகள் கீழே உள்ளன. இவற்றை வாரத்தில் இரண்டு நாட்கள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு விட்டுச் செய்யுங்கள்.

1. நாற்காலியிலிருந்து எழுதல்: கைப்பிடியுள்ள, நகராத நாற்காலியைச் சுவரையொட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே வைத்து எழுந்து நில்லுங்கள். பின் மெதுவாக அமருங்கள். தொப்பென்று அமர்ந்தால் பயன் பாதியாகிவிடும். தொடக்கத்தில் கைப்பிடியைப் பிடித்து எழலாம்.

2. சுவரைத் தள்ளுதல்: சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் சுவரில் ஊன்றுங்கள். முழங்கைகளை மடக்கி மார்பைச் சுவரருகே கொண்டுசென்று, மீண்டும் தள்ளி நிமிருங்கள்.

3. குதிகால் உயர்த்தல்: சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தில் எழும்பி நின்று, மூன்று எண்ணும்வரை காத்து, மெதுவாக இறங்குங்கள். பால் காயும் நேரத்தில்கூட இதைச் செய்துவிடலாம்.

4. இடுப்பை உயர்த்தல்: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். இடுப்பை மட்டும் மெல்ல உயர்த்தி, சற்று நிறுத்தி, இறக்குங்கள்.

5. பாட்டில் தூக்குதல்: ஒரு லிட்டர் தண்ணீர் நிரம்பிய பாட்டிலின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. இரு கைகளிலும் ஒவ்வொரு பாட்டிலைப் பிடித்து, முழங்கையை மடக்கித் தோள்வரை உயர்த்தி இறக்குங்கள்.

6. ஒற்றைக் காலில் நிற்றல்: மேடையின் விளிம்பில் விரல் நுனி படும்படி நின்று ஒரு காலை உயர்த்திப் பத்து விநாடி நில்லுங்கள். பின் கால் மாற்றுங்கள். இது சமநிலைக்கான பயிற்சி. இதைத் தினமும் செய்யலாம்.

முதல் ஐந்து பயிற்சிகளையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்து, சிறிது ஓய்வுக்குப்பின் மீண்டும் ஒரு சுற்று செய்யுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். கடைசி இரண்டு முறை சற்றுக் கடினமாகத் தோன்றினால் சுமை சரியான அளவில் உள்ளது என்று பொருள். பன்னிரண்டு முறையும் எளிதாகிவிட்டால் சுமையைக் கூட்டும் நேரம் வந்துவிட்டது. ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு லிட்டர் ஆகலாம். நாற்காலியிலிருந்து எழும்போது மார்போடு ஒரு கிலோ பருப்புப் பொட்டலத்தை அணைத்துக்கொள்ளலாம். இந்தச் சிறுசிறு ஏற்றமே வீட்டு வேலையில் இல்லாதது.

முதல் வாரத்தில் தசைவலி தோன்றுவது இயல்பு. அது இரண்டு மூன்று நாட்களில் அடங்கிவிடும். மூட்டில் வீக்கம் கண்டாலோ, பயிற்சிக்கு மறுநாளும் மூட்டுவலி மிகுதியாக நீடித்தாலோ அளவைக் குறைத்து, எங்களிடம் வாருங்கள். முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் பயிற்சியை அறவே விட்டுவிடத் தேவையில்லை. முழங்காலைத் தாங்கும் தொடைத் தசை வலுப்பெற்றால் வலி குறையும். தரையில் குந்தி அமர்வதைத் தவிர்த்து, உயரமான நாற்காலியிலிருந்து தொடங்குங்கள்.

உடற்பயிற்சியோடு எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் சேர வேண்டும். கேழ்வரகு, பால், தயிர், மோர், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆகியவை நம் அடுக்களைக்குப் புதியவை அல்ல. தசை வளரப் புரதம் தேவை என்பதால் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். வைட்டமின் டி குறைவு வெயில் மிகுந்த நம் நாட்டிலும் பரவலாகக் காணப்படுகிறது. மாத்திரையை மருத்துவர் கூறிய அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லத் தயங்கும் ஒரு குறை

நடைப்பயிற்சியைத் தொடங்கி ஒரு வாரத்தில் நிறுத்திவிடும் பெண்கள் சிலர், காரணத்தைக் கேட்டால் தலைகுனிகின்றனர். தும்மினாலும் இருமினாலும் வேகமாக நடந்தாலும் சிறுநீர் கசிகிறது என்பதே அக்காரணம். இதை வயதின் இயல்பு என்று பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் தளர்வதே பெரும்பாலும் இதன் காரணம். அத்தசைகளுக்கும் பயிற்சி உண்டு. அமெரிக்க மகளிர் நல மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் விளக்கி எழுதிய அப்பயிற்சி, இன்றும் இக்குறைக்கு முதல் சிகிச்சையாகவே தரப்படுகிறது.

வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுற்றியுள்ள தசையை உள்நோக்கி இழுத்து, சில விநாடிகள் நிறுத்தி, முழுவதும் தளர்த்துங்கள். வயிற்றையும் தொடையையும் இறுக்க வேண்டாம். ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதங்கள் செய்ய வேண்டும். அமர்ந்தபடியே செய்யலாம் என்பதால் அருகிலிருப்பவருக்குக்கூடத் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாக்க வேண்டாம். சரியான தசையைத்தான் இயக்குகிறோமா என்ற ஐயம் இருந்தால் எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் கற்றுக்கொள்ளலாம்.

உடற்பயிற்சியால் ஆகாதது

முகத்திலும் மார்பிலும் தீப்பற்றியதுபோல் சூடு பரவி, வியர்த்துக் கொட்டி, சில நிமிடங்களில் அடங்கும் ‘ஹாட் ஃபிளஷ்’ தொல்லையால் பல பெண்கள் எங்களிடம் வருகின்றனர். அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ‘ஸ்வான்’ என்னும் ஆய்வு, அடிக்கடி இத்தொல்லை வரும் பெண்களில் பாதிப் பேருக்கு அது ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்ததாக 2015-இல் தெரிவித்தது. ‘இரண்டு மாதத்தில் போய்விடும், பொறுத்துக்கொள்’ என்று வீட்டில் சொல்வது எல்லாருக்கும் பொருந்தாது என்பதற்காகவே இதைக் கூறுகிறோம்.

உடற்பயிற்சி இத்தொல்லையை நிச்சயம் குறைக்கும் என்று நாங்கள் வாக்களிப்பதில்லை. இதுவரை நடந்த ஆய்வுகள் அதற்குத் தெளிவான சான்று தரவில்லை. ஒரு மாதம் நடந்தும் சூடு குறையவில்லையே என்று மனம் தளர்ந்து நடையை விட்டுவிடாதீர்கள். நடையின் பயன் வேறிடத்தில் சேர்ந்துகொண்டிருக்கிறது. உறக்கம் சீராகும், மனம் தெளியும், சர்க்கரையும் அழுத்தமும் கட்டுக்குள் வரும், எடை கூடுவது தணியும். சூடு மிகுதியாகத் துன்புறுத்தினால் அதற்கு இயக்குநீர்ச் சிகிச்சையும், இயக்குநீர் அல்லாத மருந்துகளும், மனப்பயிற்சி முறைகளும் உள்ளன. யாருக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் முந்தைய நோய்களைக் கேட்டறிந்து மருத்துவர் முடிவுசெய்வார். பயிற்சியின்போது பருத்தி ஆடை அணிவதும், மின்விசிறியின் கீழ்ச் செய்வதும், அருகில் தண்ணீர் வைத்திருப்பதும் துணைபுரியும்.

முன்னதாக மருத்துவரைக் காண வேண்டியவர்கள்

இதயநோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், அடிக்கடி தலைச்சுற்றல் உள்ளவர்களும், நீண்ட காலம் ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டவர்களும் பயிற்சி தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். சிறு தடுமாற்றத்திலேயே மணிக்கட்டோ வேறு எலும்போ முறிந்திருந்தாலும், இளமையில் இருந்த உயரத்தைவிட 4 செ.மீ. அளவு குறைந்திருந்தாலும், தாய்க்கோ தந்தைக்கோ இடுப்பு எலும்பு முறிந்திருந்தாலும் அதைத் தவறாமல் கூறுங்கள். தேவைப்பட்டால் ‘டெக்ஸா’ என்னும் ஸ்கேன் மூலம் எலும்பின் அடர்த்தியை அளப்போம். அதில் ‘டி ஸ்கோர்’ என்னும் எண் -2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்பு மெலிவு நோய் உள்ளது என்று கொள்கிறோம். அந்நிலையில் பயிற்சியோடு மருந்தும் தேவைப்படும். மருந்துக்கு மாற்றாகப் பயிற்சியைக் கருத வேண்டாம்.

எலும்பு மெலிவு நோய் உள்ளவர்கள் முன்புறம் முழுதாக வளைவதையும் முதுகை வேகமாக முறுக்குவதையும் தவிர்க்க வேண்டும். யோகப் பயிற்சியில் பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தாசனம் போன்ற முன்வளை ஆசனங்கள் மெலிந்த முதுகெலும்பை நசுக்கக்கூடும். நின்ற நிலையில் செய்யும் எளிய ஆசனங்களைப் பயிற்சி பெற்றவரிடம் கேட்டுச் செய்யலாம். தரையிலிருந்து பொருளை எடுக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள்.

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப்பின் ஈஸ்ட்ரோஜெனைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள் பலர், மூட்டுவலியால் மாத்திரையையே நிறுத்திவிடலாமா என்று கேட்கின்றனர். தாமாக நிறுத்த வேண்டாம். முறையான நடையும் வலிமைப் பயிற்சியும் அவ்வலியைக் குறைத்ததை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2015-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அறுவை செய்த பக்கத்துக் கைக்குப் பயிற்சி தரலாமா, எவ்வளவு சுமையில் தொடங்கலாம் என்பதை எங்கள் இயன்முறை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

பயிற்சியின் நடுவே நெஞ்சில் இறுக்கம், மீறிய மூச்சுத்திணறல், கண் இருட்டுதல் ஏற்பட்டால் உடனே நிறுத்தி உதவி நாடுங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் மீண்டும் இரத்தப்போக்கு தோன்றினால், அது ஒரு துளியே ஆயினும், ஒருமுறையே ஆயினும், மகளிர் நல மருத்துவரைக் காணுங்கள். பெரும்பாலும் அது புற்றுநோயாக இருப்பதில்லை. ஆனால் இல்லை என்று உறுதிசெய்வது பரிசோதனையே. “நடைப்பயிற்சியால் உடம்பு சூடாகி வந்திருக்கும்” என்று எண்ணி மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

குடும்பத்தாருக்கு

இப்பயிற்சிகளுக்குப் பணம் தேவையில்லை. தேவைப்படுவது நேரம் மட்டுமே. அந்த நேரம் அவர் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அவர் நடக்கச் செல்ல வேண்டுமானால், அந்நேரத்தில் காப்பி போடுவது யார், குழந்தைக்கு உணவு கட்டுவது யார் என்பது முதலில் முடிவாக வேண்டும். “நீயும் நடந்தால் நல்லது” என்று அறிவுரை கூறிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தால் அவர் நடக்க மாட்டார். கணவர் அடுப்படிப் பொறுப்பை அரைமணி நேரம் ஏற்றுக்கொண்டால் நடப்பார். உடன் நடந்தால் இன்னும் நல்லது. கணவரின் சர்க்கரைக்கும் அதுவே மருந்து.

இப்பருவத்தில் அவருக்கு வரும் எரிச்சலையும் மறதியையும் கண்ணீரையும் குணக்கேடாகக் கொள்ளாதீர்கள். உறக்கமற்ற இரவுகள் அவற்றின் பின்னே இருக்கக்கூடும். சோர்வு வாரக்கணக்கில் நீடித்து, எதிலும் நாட்டமின்றி இருந்தால் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

இன்றே, இங்கேயே தொடங்கலாம்

மருத்துவமனையில் துணையாக இருக்கும் நாட்களில் பயிற்சிக்கு வழியேது என்று கேட்கலாம். மருந்தக வரிசையில் நிற்கும்போது குதிகாலை உயர்த்தி இறக்கலாம். ஒரு மாடி ஏற மின்தூக்கியை நாடாமல் படியைப் பயன்படுத்தலாம். தாய் உறங்கும் வேளையில் செவிலியரிடம் சொல்லிவிட்டு, வார்டின் நடைவழியில் பத்து நிமிடம் நடந்து வரலாம். துணைக்கு வேறொருவர் வந்தால் அவரை அமரவைத்துவிட்டு நீங்கள் எழுந்து செல்லுங்கள்.

இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைக்கு மறுநாளே, உடல்நிலை இடங்கொடுத்தால், நோயாளியை எழுப்பி நிற்கவைக்க முயல்கிறோம். வீடு திரும்பும் முன் அவருக்கு ஒரு பயிற்சித்தாள் தருகிறோம். நாற்காலியிலிருந்து எழுதல், குதிகாலை உயர்த்தல், பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்றல் ஆகியவை காலம் பார்த்து அதில் ஒவ்வொன்றாக இடம்பெறும். மேலே நாங்கள் எழுதிய பயிற்சிகளுள் பாதி அதில் இருப்பதைக் காண்பீர்கள்.

வீட்டில் தாய் அவற்றைச் செய்யும்போது, அருகில் நின்று எண்ணிக்கொண்டிராமல் மற்றொரு நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அவர் எட்டு முறை எழுந்தால் நீங்களும் அவரோடு எட்டு முறை எழுங்கள். அவருக்கு அது மீண்டும் நடப்பதற்கான பயிற்சி. உங்களுக்கு அது, எழுபது வயதில் இக்கட்டிலில் படுக்க நேராதிருப்பதற்கான பயிற்சி. அடுத்த முறை மறுபரிசோதனைக்குத் தாயை அழைத்து வரும்போது, உங்களைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள். விடை கூற நாங்கள் காத்திருக்கிறோம்.